ராஜா தங்கின ரூம்

கால் இடிக்குதா தாயி? இருங்க, அந்தப் பெட்டியை அங்கிட்டுத் தள்ளிக்கிறேன். உள்ள பித்தளைத் தாம்பாளம். சேலையைச் சுத்தித்தான் அடுக்கினேன், அப்படியும் வண்டி ஆடுறப்பெல்லாம் சத்தம் போடுது. பொறுத்துக்கங்க.

நாக்பூர்ல நீங்க ஏறுனதும் போன்ல, "பாலுக்கு உறை ஊத்தி வையி"ன்னு தமிழ்ல சொன்னீங்க பாருங்க, எனக்குப் போன உசிரு வந்துச்சு. நேத்துல இருந்து இந்த வண்டியில பேச நாதியில்ல. எதுத்தாப்ல இருந்த சேட்டு ஒரு பூரியை நீட்டுனான், நான் வேணாம்னு தலையை ஆட்டுனேன், அம்புட்டுத்தான் எங்க பேச்சுவார்த்தை.

எனக்கு சின்னமனூரு. தேனிக்கு அங்கிட்டு. வாழைக்காய் மண்டி வச்சிருக்கேன். கட்டமாயன் மண்டின்னா சின்னப்புள்ளையும் கைகாட்டும்.

பெட்டியில என்னன்னு கேட்டீங்கள்ல? சீரு. தாய்மாமன் சீரு. என் தங்கச்சி மக கல்யாணத்துக்குக் கொண்டு போனது. அப்படியே திருப்பிக் கொண்டாறேன். தங்கச்சி மக கல்யாணத்துக்கு அம்புட்டுத் தூரம் போயிட்டு, தாலி கட்டுறதைக் கண்ணால பார்க்காமத் திரும்புற தாய்மாமன் உலகத்துல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். ஊருக்குப் போய் இறங்குனதும் மொத வேலை, பெரிய வீட்டு ஆளுகளைக் கூப்பிட்டு வச்சுச் சொல்லிப்புடுவேன். "இன்னையோட எனக்கும் பேச்சிக்கும் அத்துப் போச்சு, அவ வீட்டு நல்லது கெட்டதுக்கு என்னையக் கூப்பிடாதீக"ன்னு. நான் ஒரு வார்த்தை சொன்னாச் சொன்னதுதான். எங்க ஊர்ல கேட்டுப் பாருங்க.

பேச்சியம்மா என் கூடப் பொறந்தவ. எனக்கு இளையவ. மதுரையில கட்டிக் குடுத்தது. மாப்பிள்ளை மில்லுல சூப்பர்வைசர், நல்ல மனுசன், போயிச் சேர்ந்துட்டாரு. ஒரே மக, இலக்கியா. முறைப்படி பார்த்தா எம்மகனுக்குத்தான் அந்தப் புள்ள. அது பெங்களூருக்குப் போச்சு, கூட வேலை பார்க்குற ராஜஸ்தான் பையனைப் பிடிச்சிருக்குன்னுச்சு. சரி, விட்டுக் குடுத்தேன். நான் ஒண்ணும் பழைய பஞ்சாங்கமில்ல. "சீரு மட்டும் என் இஷ்டத்துக்குத்தான் செய்வேன்"னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்.

ஆனா அவசரம் பாருங்க அவளுக்கு! வர்ற வருசம் ஆவணிக்கு வச்சுக்கலாம், வாழை அறுப்பு முடிஞ்சு கையும் ஓய்வா இருக்கும்னேன். முடியாதுன்னுட்டா. இந்தக் கார்த்திகையிலயே வைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. "ஆவணி எங்க ஓடியா போகுது?"ங்கிறேன். "ஆவணி ஓடாது அண்ணே"ன்னு சொல்லிட்டு ஒரு சிரிப்பு. சம்பந்தி வீட்டுக்காரன் பணக்காரன், அவன் சொல்ற தேதிக்கு ஆடுறான்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

கல்யாணம் எங்கங்கிறீக? கோட்டையில. நெசமாவே கோட்டை தாயி. பாறை மேல கட்டியிருக்கான். ராஜா இருந்த இடம், இப்ப ஓட்டலு. கதவுல ஆளு உசரத்துக்கு மேல வரிசையா இரும்பு முள்ளு. யானை வந்து முட்டாம இருக்க அந்தக் காலத்துல வச்சதாம். வாசல்ல ஒருத்தன் நிக்கிறான், மீசை ரெண்டு காதையும் தொட்டுத் திரும்பி வருது. எங்க ஊருக் காவல் சாமி சம்பளத்துக்கு வந்து நிக்கிற மாதிரி இருந்தான். மாலை போட்டு, நெத்தியில பொட்டு வச்சு, குடிக்க ரோஜாப்பூ வாசத்துல என்னமோ குடுத்தாக. குடிச்சா நாக்குல சந்தனம் தடவுன மாதிரி இருக்கு.

எனக்குக் குடுத்த ரூமைச் சொல்றேன் கேளுங்க. எல்லாருக்கும் கீழ, முத்தத்தைச் சுத்தி ரூமு. சம்பந்திமாருக்கு, அந்த மாப்பிள்ளைப் பையன் ஹர்ஷோட சிநேகிதனுகளுக்கு, எல்லாருக்கும் கீழ. எனக்கும் எம்பொண்டாட்டி தவமணிக்கும் மட்டும் கோபுரம் மாதிரி ஒண்ணு மூலையில நிக்குது, அது உச்சியில. லிப்டு கெடையாது. பழைய கட்டடம், சுவரைத் தோண்டக் கூடாதாம். கோட்டைச் சுவரை ஒட்டி வெளியவே கல்லுப்படி, ஏறிக்கிட்டே இருக்கணும். இலக்கியா வந்து, "மாமா, இதுதான் இங்க இருக்கிறதுலயே பெரிய ரூம். ராஜா தங்கின ரூம். அம்மா உங்களுக்காகக் கேட்டு வாங்குனாங்க"ங்குது. நான் மனசுக்குள்ள, சரிதான், வேண்டாத சாமானைப் பரண்ல ஏத்துற மாதிரி ஏத்திப்புட்டான்னு நெனைச்சுக்கிட்டேன்.

கட்டில்ல ஏற ஒரு முக்காலி. சுவத்துல மீசை வச்ச ராஜா படம், வேட்டியை மாத்த விடாமப் பார்க்குறாரு. குளிக்கிற ரூமுக்கு நடுவுல ஒரு தொட்டி, அதுக்குச் சிங்கக் கால் வேற. வாளியும் கெடையாது, கப்பும் கெடையாது. ஒருத்தனைக் கூப்பிட்டு வாளி வேணும்னு கையால தூக்கிக் காட்டுனேன். ரொம்ப நேரங்கழிச்சு வெள்ளியில ஒரு குட்டி வாளி கொண்டாந்தான். ஐஸுக்கட்டி போடுற வாளியாம், உள்ள ஐஸும் கெடக்கு. கார்த்திகை மாசக் குளிருல! அதைக் கொட்டிப்புட்டு அதுலயே மொண்டு மொண்டு குளிச்சேன். தவமணி சிரிச்சா பாருங்க. அவ சிரிச்சது அன்னைக்கு அது ஒண்ணுதான்.

சிரிக்காதீங்க தாயி. சரி, சிரிங்க. பேச்சி கேட்டிருந்தாலும் சிரிச்சுத்தான் இருப்பா. நான் சொல்லத்தான் வாய்ப்பு வரல.

ஏன்னா அவ ஆளே மாறிப் போயிருந்தா. போயி இறங்குனதும் பார்க்குறேன், முந்தானையை நெத்தி வரைக்கும் இழுத்து முக்காடு போட்டிருக்கா. வடக்கத்திப் பொம்பளைக போடுவாகள்ல, அப்படி. "என்ன பேச்சி, இப்பவே சம்பந்தி ஊருக்காரியா ஆயிட்டியா?"ன்னேன். "குளிருதுண்ணே"ன்னா. கூடவே ஒரு மலையாளத்துப் பொண்ணு, எந்நேரமும் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, வேளாவேளைக்கு என்னத்தையோ குடுத்துக்கிட்டு. அது யாருன்னேன். ஒத்தாசைக்கு வச்சிருக்கேன்னா. பார்த்துக்கங்க, மதுரையில தன் வீட்டுத் தண்ணியைத் தானே தூக்குனவ. மக கல்யாணத்துக்கு எடுபிடி வச்சுக்கிட்டு வந்திருக்கா, கவுரவத்துக்கு!

மறுநா காலைச் சாப்பாட்டுல இன்னொண்ணு நடந்துச்சு. அங்க இட்லி வேற சுட்டிருந்தான், நமக்காக. எடுத்து எறிஞ்சா அங்க திரியுற மயிலுக்கு மண்டை உடையும். அதை விடுங்க. காத்தடிச்சு அவ முக்காடு விலகுச்சு. பார்க்குறேன், தலையில கிராப்பு! ஆம்பளப் புள்ளைகளுக்கு வெட்டுற மாதிரி ஒட்ட வெட்டியிருக்கா. எங்க ஆத்தா எண்ணெய் தடவித் தடவி வளர்த்த முடி தாயி அது, இடுப்புக்குக் கீழ தொங்கும். மக கல்யாணத்துல ஒரு தாய்க்காரி கிராப்போட நிக்கலாமா? சுத்தி அம்புட்டுப் பேரும் இருக்காக. "மதுரைக்காரி பம்பாய்க்காரி ஆயிட்டா"ன்னு சத்தமாவே சொன்னேன். அவ முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு, "நல்லாயில்லையாண்ணே?"ன்னா. "கண்றாவியா இருக்கு"ன்னேன். தவமணி விருட்டுன்னு எந்திரிச்சுப் போயிட்டா. அவளுக்கு என்ன கொள்ளையோ! போய்ப் பார்த்தா ஒரு தூணுக்குப் பின்னால நின்னு மூக்கைச் சிந்திக்கிட்டிருக்கா. கேட்டா, தூசிங்குறா. நாத்தனாரும் அவளும் ரெண்டு நாளாக் குசுகுசுன்னு பேசிக்கிட்டு, நான் போனா நிறுத்திக்கிறது. பொம்பளைகன்னா அப்படித்தான்னு விட்டுட்டேன்.

இப்பச் சீருக்கு வர்றேன். எங்க பக்கம் தாய்மாமன் இல்லாம எதுவும் நடக்காது. காதுகுத்தா, மாமன் மடி. வயசுக்கு வந்த சடங்கா, மாமன் ஓலைக் குச்சு கட்டணும். கல்யாணமா, மாமன் சீரு மொத வாசல் வழியா மேளத்தோட வந்து எறங்கணும், மாமன் மாலை எடுத்துக் குடுத்தாத்தான் பொண்ணு மணையில உட்காரும். அதுவரைக்கும் தாலியும் சும்மா, மேளமும் சும்மா.

நான் தாம்பாளம் எல்லாம் அடுக்கி, தேங்காய் பழம் வச்சு, பட்டெல்லாம் பிரிச்சு வச்சு, மதுரையில இருந்து வந்த மேளக்காரங்களை முன்னால விட்டு, அந்த முள்ளுக்கதவு வாசலுக்கு வந்தேன். ஒரு பொண்ணு, காதுல என்னமோ மாட்டிக்கிட்டு, கையில பேனாவோட ஓடியாருது. கல்யாணத்தை நடத்திக் குடுக்குற கம்பெனியாம். இந்த வாசல்ல இப்ப மாப்பிள்ளை குதிரையில வாறாராம், நேரம் குறிச்சாச்சாம். நாங்க பின்பக்க வாசல்ல வரணுமாம். பின்பக்க வாசல்னா என்ன தெரியுமா? காய்கறி வண்டி வர்ற வாசல். நான் காலையிலதான் பார்த்தேன், அங்க உருளைக்கிழங்கு எறக்கிக்கிட்டிருந்தான்.

தாய்மாமன் சீரு உருளைக்கிழங்கு போற வழியில போகுமா தாயி? நீங்களே சொல்லுங்க.

நான் நின்னுட்டேன். மேளத்தை நிறுத்தச் சொன்னேன். என் தங்கச்சியைக் கூப்பிடுங்கன்னேன். வந்தா. அந்த மலையாளத்துப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா, மகாராணி நடை. நான் நடந்ததைச் சொல்லிக்கிட்டிருக்கேன். பாதியில அவ என்ன செஞ்சா தெரியுமா? அங்க கிடந்த நாற்காலியில உட்கார்ந்துட்டா. அண்ணன் நிக்கிறேன். சீரு நிக்குது. ஊர்க்காரன் அம்புட்டுப் பேரும் நிக்கிறான். அவ உட்காருறா! உட்கார்ந்துக்கிட்டு, "அண்ணே, எந்த வாசல்ல வந்தா என்னண்ணே. இந்த ஒரு தடவை விட்டுக் குடு. என்னால முடியல"ங்குறா. என்னால முடியலையாம். என் பஞ்சாயத்தைக் கேக்க அவளால முடியலையாம்!

தாம்பாளத்தை எல்லாம் திருப்பி எடுக்கச் சொல்லி, அந்தக் கோபுரத்துல ஏறி, கதவைச் சாத்திட்டேன்.

இங்க ஒண்ணு சொல்லணும். எனக்குக் கொஞ்சம் கோவம் வரும். பொய் சொல்லக் கூடாது, நல்லாவே வரும். இலக்கியா காதுகுத்துக்கு எம்பேரைப் பத்திரிகையில பங்காளிக பேருக்குக் கீழ போட்டுட்டாக. நான் போகலன்னு மண்டியில உட்கார்ந்துட்டேன். இவ என்ன செஞ்சா? மதுரையில இருந்து பஸ் ஏறி வந்து, தாருகளுக்கு நடுவுல நின்னுக்கிட்டு, "நீ மடி குடுக்கலைன்னா எம்மக காதுல ஓட்டையில்லாமத் திரியட்டும். வர்றியா, இல்ல நானும் இங்கயே உட்கார்ந்து யாவாரம் பார்க்கவா?"ங்குறா. சிரிச்சுட்டேன். அப்புறம் அந்தப் புள்ள சடங்குக்கு ஒரு கோவம். அதுக்கும் வந்தா. மாப்பிள்ளை செத்த கருமாதியில கூட ஒரு கோவம் தாயி, என்னன்னு இப்ப மறந்து போச்சு, அதுக்கும் வெள்ளைச் சேலையோட வாசலுக்கு வந்து கூப்பிட்டா. அதான் எங்களுக்குள்ள வழக்கம். நான் கோவிச்சுக்கிருவேன், அவ வருவா. அவளே வரணும். ஆளு அனுப்பக் கூடாது. ஆளு அனுப்பினா நான் அசைய மாட்டேன்னு அவளுக்கும் தெரியும்.

அதனால நான் நிம்மதியாத்தான் உட்கார்ந்திருந்தேன். ராஜா கட்டில்ல. வருவா, எங்க போயிருவான்னு.

மொதல்ல அந்தக் காதுல மாட்டுன பொண்ணு வந்துச்சு. இங்கிலீஷ்ல கெஞ்சுச்சு, நான் தமிழ்ல அனுப்பி வச்சேன். அப்புறம் சம்பந்தி வீட்டுப் பெரியவரு, மூச்சு வாங்க ஏறி வந்தாரு. கையில ஒரு செவப்புத் தலைப்பாத் துணி. என் தலையில கட்டணும்னு கையைக் காட்டுறாரு. வாசல்ல கதவு தொறக்குறான்ல மீசைக்காரன், அவன் கட்டியிருந்த அதே தலைப்பா! எனக்குக் கட்டி, என்னையும் வாசல்ல நிறுத்தப் பார்க்குறாங்களான்னு கும்பிடு போட்டு அனுப்பிட்டேன். அவுக பக்கம் அது தாய்மாமனுக்குச் செய்யுற மரியாதையாம், தவமணி பிறகு சொன்னா. மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?

அப்புறம் தவமணி வந்தா. "ஏங்க, காலுல விழுகுறேன், வாயை மூடிக்கிட்டுக் கீழ வாங்க. இந்தக் கல்யாணத்துல போய்..."ன்னு ஆரம்பிச்சவ, அப்படியே நிறுத்திட்டா. இந்தக் கல்யாணத்துல என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைங்குறா, கண்ணுல தண்ணி ஊத்துது. "அவளை வரச் சொல்லு"ன்னேன். "அவங்களால..."ன்னா. "அவளால முடியாதோ? மண்டிக்கு வந்தா, கருமாதி வீட்டுல இருந்து வந்தா, இந்தப் படி ஏற முடியாதோ?"ன்னேன். தலையில அடிச்சுக்கிட்டு எறங்கிப் போயிட்டா.

பொழுது சாயுற நேரம். அந்த ரூமுல அம்பு விடுறதுக்குன்னு ஒரு சந்து சன்னல் இருக்கு. அது வழியாப் பார்த்தா படி பூராத் தெரியும். பார்த்துக்கிட்டே இருந்தேன். வந்தா தாயி. நான்தான் சொன்னேன்ல. பட்டுச்சேலை கட்டி, முக்காடு போட்டு, வந்தா. எனக்குள்ள எல்லாம் குளுந்து போச்சு. அந்த மலையாளத்துப் பொண்ணு கையைப் பிடிக்க வருது, இவ வேணாம்னு தள்ளிவிடுறா. தனியா ஏறுறா. சரி, முகத்தைக் கொஞ்சம் கடுகடுன்னு வச்சுக்கணும், சட்டுன்னு சிரிச்சிரக் கூடாதுன்னு நான் கண்ணாடியைப் போய்ப் பார்த்துட்டு வர்றேன், அவ இன்னும் கீழயே இருக்கா. ரெண்டு படி ஏறுறா, நிக்கிறா. ரெண்டு படி ஏறுறா, நிக்கிறா. அந்தத் திருப்பத்துல வந்ததும் உட்கார்ந்துட்டா. சுவத்துல தலையைச் சாய்ச்சுக்கிட்டு, பட்டுச் சேலையோட, தரையில. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தா. அப்புறம் தலையைத் தூக்கி என் சன்னலைப் பார்த்துக் கையை இப்படி அசைச்சா. வாண்ணேங்குற மாதிரி.

நான் சட்டுன்னு பின்னால நகர்ந்துக்கிட்டேன். காத்துக்கிட்டுக் கிடந்தேன்னு அவளுக்குத் தெரியக் கூடாதுல்ல. மேல வரட்டும், கதவைத் தட்டட்டும். பாதிப் படியில இருந்து கூப்பிட்டா அது மரியாதையா? ஏறி வரட்டும்.

மறுபடி எட்டிப் பார்த்தா ரெண்டு பேரு அவளைக் கைத்தாங்கலா எறக்கிக் கூட்டிட்டுப் போறாக. கீழ ஓட்டல்காரனோட சின்ன பேட்டரி வண்டி ஒண்ணு நின்னுச்சு, அதுல ஏத்திக் கொண்டு போயிட்டாக.

கொஞ்ச நேரத்துல மேளம் கொட்டுச்சு. கெட்டிமேளம். ராஜா கட்டில்ல உட்கார்ந்து கேட்டேன் தாயி. என் மருமக கழுத்துல தாலி ஏறுற சத்தத்தை, நான் தனியா ஒரு கல்லு ரூமுல உட்கார்ந்து கேட்டேன். அழுதேன். ஆம்பளை அழுதேன்னு சொல்ல வெக்கப்படலை. என் இடத்துல யாரு நின்னு மாலை எடுத்துக் குடுத்தாகன்னு தவமணிகிட்டக் கேட்டேன். யாரும் நிக்கலையாம். பேச்சி யாரையும் விடலையாம். என் துண்டு ஒண்ணு கீழ கிடந்துச்சாம், அதை மணைக்குப் பக்கத்துல விரிச்சு, அது மேல மாலையை வச்சு, அதுல இருந்து எடுத்துப் போட்டாகளாம். பாருங்க கூத்தை! செத்தவனுக்குத்தான் அப்படிச் செய்வாக. நான் மேல குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன்.

விடிஞ்சதும் பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. பேச்சி ரூமைத் தாண்டித்தான் போகணும், கதவு சாத்திக் கெடக்கு, மக கல்யாணத்துக்கு மறுநா வெயில் வந்தும் தூங்குறா. தவமணி என் கூட வரமாட்டேன்னுட்டா. "நான் அவங்க கூட மதுரைக்குப் போறேன், கொஞ்ச நாளு இருந்துட்டுத்தான் வருவேன்"ங்குறா. கட்டுன பொண்டாட்டியே கட்சி மாறிட்டா. நேத்துல இருந்து அவதான் போனு போட்டுக்கிட்டே இருக்கா, நான் எடுக்கல. பேச்சி போட்டாளான்னு கேளுங்க. ஒரு தடவை போடல.

அதான் சொல்றேன், அத்துக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன்னு. நியாயந்தானே?

என்ன தாயி? ஏன் அப்படிப் பார்க்குறீக?

புருவமா? புருவத்துக்கு என்ன? ...இருங்க. புருவம்... மையில எழுதியிருந்தா. ஆமா, மைதான். அவளுக்கு நல்ல கனத்த புருவம், எங்க அப்பனுக்கு மாதிரி. மையில கோடு இழுத்திருந்தா. நான் அதுவும் ஸ்டைலுன்னு... ஏன் கேக்குறீக?

சாப்பிட்டாளா? எங்க சாப்பிட்டா. மோரு. கஞ்சித்தண்ணி. வாயெல்லாம் புண்ணா இருக்குண்ணேன்னா. உடம்புச் சூடுன்னேன்.

நீங்க என்ன வேலை பார்க்குறீக தாயி? நர்ஸா. சரி. எந்த ஆஸ்பத்திரி? ...எந்த வார்டு?

ம்.

இல்ல. இருங்க. நீங்க பேசாதீங்க. அது வந்து, அவ முடி வெட்டிக்கிட்டா. வெட்டினதுதான். கொட்டினா இப்படி இருக்காது, கொட்டினா... கொட்டித் திரும்ப முளைக்கிறப்ப எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்குமா? ஒட்ட வெட்டுன மாதிரியேவா? அந்த மலையாளத்துப் பொண்ணு... ஒத்தாசைக்குன்னாளே. எந்நேரமும் கையைப் பிடிச்சுப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. நாடியா பார்த்துச்சு அது?

எங்க ஆத்தாவும் இந்தப் புத்துநோய்லதான் போச்சு தாயி. அப்ப நான் ஒரு மாசம் மண்டியைத் தொறக்கல, சோறு திங்கல. பேச்சிதான் ஊட்டிவிட்டா. அதனால என்கிட்டச் சொல்லாம... பாவி மக, ஊரு பூராவுக்கும் சொல்லி, எம்பொண்டாட்டிக்குச் சொல்லி, எனக்கு மட்டும்...

அவ தனியா ஏறுனா தாயி. அந்தப் பொண்ணு பிடிக்க வந்தும் வேணாம்னு ஏறுனா. நான் கண்ணாடி பார்த்துக்கிட்டு இருந்தேன்.

கொஞ்சம் தண்ணி குடுங்க.

...போனை எடுங்க. இந்தாங்க. தவமணின்னு பேரு இருக்கும், போடுங்க. எனக்குத் தெரிஞ்சு நானா யாருக்கும் மொதல்ல போட்டதில்ல. போடுங்க தாயி.

தவமணி. நான்தான். ...அழுகாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. எம்புட்டு நாளா? ...ம். ...டாக்டரு என்ன சொல்றாரு? ...ம். ...சரி. சரின்னேன்ல, அழுகாத. அவகிட்டக் குடு. எனக்குத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கிறாத. அவ மறைச்சது மறைச்சதாவே இருக்கட்டும். குடு.

...பேச்சி.

சாப்பிட்டேன். நீ? ...வண்டி போயிக்கிட்டிருக்கு. பக்கத்துல நம்மூருப் பாஷைக்காரவுக இருக்காக. ...கோவமா? ஆமா, கோவந்தான். தணியல. எப்படித் தணியும், பாதிப் படியில திரும்பிப் போனவதான நீ? ...இல்ல இல்ல, போன்ல எல்லாம் சமாதானம் ஆக மாட்டேன். நீயே வரணும். சின்னமனூருக்கு, மண்டிக்கு, நேர்ல வந்து நின்னு கூப்பிடணும். ...இப்ப வேணாம். இப்ப யாரு வரச் சொன்னா? தை போகட்டும், மாசி போகட்டும். முடியெல்லாம் வளர்த்துக்கிட்டு வா, கிராப்போட வந்தா உள்ள விட மாட்டேன். ...ஆமா. எம்புட்டு நாளானாலும் சரி. சீருப் பெட்டியைப் பிரிக்க மாட்டேன். நீ வர்ற வரைக்கும் என் கோவம் தீராது, சொல்லிட்டேன். ...சரி. சரி தாயி. மூச்சு வாங்குது, பேசாத. வையி.

சிரிச்சா தாயி. உங்களுக்கும் கேட்டுச்சுல்ல? வர்றேண்ணேன்னு சொன்னா.

நீங்க அந்த வார்டுலதான இருக்கீக. நெதம் பார்க்குறவுக. பொய் சொல்லாமச் சொல்லு தாயி.

வருவாளா?